பீமுக்கு மேலே போக வேண்டிய கம்பி

விரிசல் பால்கனியின் தரையில் இருந்தது. கதவைத் திறந்து வெளியே முதல் கால் வைக்கும் இடத்தில், சுவரை ஒட்டியே, 3 மீட்டர் நீளத்துக்கும் ஒரே கோடாக ஓடியது. அகலம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என்னை அழைத்தது அதற்காக இல்லை. அடிப்பக்கம் காரை உதிர்கிறது, துருத் தண்ணீர் வழிந்து கறை பிடித்திருக்கிறது, பூசி பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்பதுதான் வீட்டுக்கார அம்மா சொன்ன வேலை.

மேலே இருந்த விரிசலைப் பார்த்ததும் எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிவிட்டேன். பூந்தொட்டிகளைக் கதவுப் பக்கம் நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்தோம். கதவைப் பூட்டி சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள் கீழே இரண்டு வரிசை ஜாக்கி முட்டு நின்றது, ஒன்று வெளி விளிம்பில், ஒன்று நடுவில். முட்டை இறுக்கித் தளத்தைத் தூக்கப் பார்க்கக் கூடாது. பலகை தளத்தைத் தொட்டு, கையால் அசைத்தால் அசையாத அளவுக்கு நின்றால் போதும்.

"பூசினா சரியாயிடாதா தம்பி?" என்று அம்மா கேட்டார். இதைக் கேட்காத வீட்டுக்காரர் இல்லை. கேட்பதில் தப்பும் இல்லை. வீட்டுக்குள் ஒரு அறையின் தளத்தில் விரிசல் விட்டால் நாம் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்போம். இரண்டு பக்கமும் தாங்கிய தளம் நடுவில் தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி அடியில் இருக்கும். பால்கனி அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். இதைத்தான் கான்டிலீவர் என்போம். அது இறங்கப் பார்க்கும்போது இழுபடுவது மேல்பக்கம், அதுவும் சுவரை ஒட்டிய இடம். அங்கே கோடு விழுந்தால் அதைப் பூச்சில் வந்த வெடிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல் கம்பி தன் வேலையைச் செய்கிறதா என்ற கேள்வி அது.

மறுநாள் திறந்து பார்த்தோம். மூன்று இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு அடி சதுரம், சுவர் முகப்பை ஒட்டி உளியால் கொத்தினோம். தளத்தின் கனம் 125 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 20 மி.மீ. விட்டுக் கட்டியிருந்தால் அந்த ஆழத்தில் கம்பி தட்டுப்பட வேண்டும். 20-இல் இல்லை, 30-இல் இல்லை, 40-இல் இல்லை. 55 மி.மீ. தோண்டிய பிறகுதான் உளி கம்பியைத் தொட்டது. மூன்று குழியிலும் 55, இரண்டு மூன்று மி.மீ. முன்னே பின்னே.

கம்பியைக் காலால் மிதித்து அமுக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கான்கிரீட் போடும்போது ஆள் நடந்து நடந்து மேல் கம்பி கீழே இறங்குவது எங்கும் நடப்பது. ஆனால் மிதித்து இறங்கிய கம்பி இடத்துக்கு இடம் மாறும், இப்படி ஒரே ஆழத்தில் நிற்காது. அதனால் இன்னும் உள்ளே, பீம் மேல்வரை கொத்தச் சொன்னேன். பீமின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 35 மி.மீ. ஆழத்தில் இருந்தது. ரிங் 8 மி.மீ., அதற்குக் கீழே பீமின் மேல் கம்பி 12 மி.மீ. 35, 8, 12: கூட்டினால் 55. பால்கனிக் கம்பியை பீம் கம்பிக்கு மேலே போடாமல் அடியில் நுழைத்திருக்கிறார்கள். பீம் கூடையை முதலில் கட்டி இறக்கிவிட்டு, அப்புறம் தளக் கம்பியை அதற்குள் சொருகுவது கை வேலைக்குச் சுலபம். அந்தச் சுலபம்தான் 14 வருடம் கழித்து இந்தக் கோடாக வெளியே வந்திருக்கிறது.

கம்பி கட்டும் தம்பி குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ரெண்டுக்கும் உதவாத இடத்துல இருக்கே" என்றார். அதுதான் சரியான வார்த்தை. 125 மி.மீ. கனத்தில் மேலிருந்து 55, அடியிலிருந்து 62. கிட்டத்தட்ட நடுமத்தி. நடுவில் இருக்கும் கம்பி மேல் இழுவைக்கும் எட்டாது, அடி இழுவைக்கும் எட்டாது.

எவ்வளவு பலம் போயிருக்கும் என்று ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பலத்தைத் தீர்மானிப்பது கம்பியின் நடுவிலிருந்து தளத்தின் அடிமுகம் வரையுள்ள தூரம். சரியாகக் கட்டியிருந்தால் அது 101 மி.மீ. இங்கே 66. கம்பி அதே 8 மி.மீ., இடைவெளி அதே 150 மி.மீ., கான்கிரீட் அதே. இடம் மாறியதால் மட்டும் தாங்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதோடு விரிசல் வழியே இறங்கிய தண்ணீர், கம்பியை அந்த இடத்திலேயே அரித்திருக்கிறது. துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்தால் மோசமான கம்பியில் 6.5 மி.மீ.தான் மிச்சம். 8 மி.மீ. கம்பி 6.5 ஆனால் விட்டத்தில் 1.5 தானே குறைவு என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பில் அது மூன்றில் ஒரு பங்கு.

அடுத்து எடை. பால்கனி 1.2 மீட்டர் வெளியே நீண்டிருந்தது. ஒரு மீட்டர் அகலப் பட்டையை எடுத்துக்கொண்டால் தளத்தின் சொந்த எடை, தரைப் பூச்சு, மேலே வரக்கூடிய ஆட்கள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 710 கிலோ. இதன் நெம்பு விசை, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 510 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். விளிம்பில் நாலரை அங்குலச் செங்கல் சுவரை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பூச்சோடு சேர்த்து அது மீட்டருக்கு 260 கிலோ. விளிம்பில் இருப்பதால் அது மட்டுமே 300 கிலோவுக்குச் சமமான நெம்பு. மொத்தம் 810. இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தச் சின்னச் சுவருடையது. கான்டிலீவர் பால்கனியின் நுனியில் செங்கல் கைப்பிடிச் சுவர் கட்டாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதில் ஆட்கள் எடை என்று எடுத்தது சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், சுமார் 300 கிலோ. இந்திய நெறிமுறையான ஐஎஸ் 875-இன் இரண்டாம் பாகம் வீட்டு அறைக்கு 2 என்றும் பால்கனிக்கு 3 என்றும் வைத்திருக்கிறது. "இவ்வளவு சின்ன இடத்துல அவ்வளவு பேரு நிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும். தெருவில் ஏதாவது நடந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஓடி வந்து நிற்கும் இடம் பால்கனிதான். அறையில் மக்கள் பரவி இருப்பார்கள். பால்கனியில் விளிம்போரமாக, நெம்பு அதிகமாக விழும் இடத்தில் நெருங்கி நிற்பார்கள்.

2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு குடியிருப்பின் பால்கனி உடைந்து 6 பேர் இறந்தார்கள், 7 பேர் காயப்பட்டார்கள். அது மரத்தால் ஆன கான்டிலீவர். தண்ணீர் உள்ளே புகுந்து, சுவரை ஒட்டிய இடத்தில் உத்தரங்கள் வெளியே தெரியாமல் உளுத்துப் போயிருந்தன. அதற்குப் பிறகு 2018-இல் அந்த மாநிலம் எஸ்பி 721 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று வீடுகளோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளில், மரச் சட்டத்தை நம்பி உயரத்தில் நீண்டிருக்கும் பால்கனி, படிக்கட்டு போன்றவற்றை ஆறு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பொருள் மரமோ கான்கிரீட்டோ, சாகும் இடம் ஒன்றுதான். வேர் போன்ற அந்த இணைப்பில், மேல் முகத்தில், தண்ணீரால். நெறிமுறைப் புத்தகத்தில் ஒரு வரியைப் படிக்கும்போது அதற்குப் பின்னால் யார் வீடோ விழுந்திருக்கிறது என்று நினைத்துப் படிப்பது என் பழக்கம்.

சரி, என்ன செய்வது? மூன்று யோசனை வந்தது. விரிசலில் எபாக்சி இறக்கி மூடலாம் என்றார் ஒருவர். எபாக்சி கான்கிரீட்டை ஒட்டும், கம்பியை மேலே தூக்கி வைக்காது. இரண்டாவது, விளிம்பில் இரண்டு தூண் கொடுத்துவிடலாம் என்பது. பலர் இதைச் செய்கிறார்கள். தூண் கொடுத்த நிமிடமே அது கான்டிலீவர் இல்லை, இரண்டு பக்கம் தாங்கிய தளம். இழுவை அடிப்பக்கம் போய்விடும். அங்கேயும் நம் கம்பி எட்டாது, நடுவில் அல்லவா இருக்கிறது! மூன்றாவது, பீம் முகத்தில் துளை போட்டுக் கெமிக்கல் வைத்துப் புதுக் கம்பி நடுவது. இது மோசமான முறை இல்லை, சில இடத்தில் நானே செய்திருக்கிறேன். ஆனால் முழு நெம்பும் ஒரு சாண் ஆழப் பசையை நம்பி நிற்க வேண்டும். எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும் மேல் கம்பிக்கு என் கை அதற்கு ஒப்பவில்லை. என்ஜினியரும் வேண்டாம் என்றார்.

முடிவு: பால்கனியை முழுக்க உடைத்து எடுப்பது. புதிதாகப் போடும்போது நீளத்தை 1.2-இலிருந்து 0.9 மீட்டராகக் குறைப்பது. செங்கல் சுவருக்குப் பதில் இரும்புக் கம்பி கைப்பிடி. சுவர் பக்கம் 150 மி.மீ. கனம், நுனியில் 100. இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே கணக்கைப் போட்டால் 810 இருந்த இடத்தில் 315 வருகிறது. நெம்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பலத்தைக் கூட்டுவதைவிட பாரத்தைக் குறைப்பது எப்போதும் நம்பகமான வழி.

ஒரு அடி குறைவதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் கான்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறை ஐஎஸ் 456-இல் கான்டிலீவருக்கு ஒரு விதி இருக்கிறது: நீளத்தைக் கம்பி வரையுள்ள ஆழத்தால் வகுத்தால் அடிப்படையில் 7-ஐத் தாண்டக் கூடாது. கம்பியின் அளவைப் பொறுத்து அதைக் கொஞ்சம் தளர்த்தலாம். பழைய பால்கனியை, கம்பி சரியான இடத்தில் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், 12 வந்தது. தளர்த்தினாலும் 12 தேறாது. அதாவது கம்பி கட்டியவர் தப்பு செய்யும் முன்பே, காகிதத்தில் கோடு போட்டவர் தப்பு செய்துவிட்டார். புதியது எட்டுக்குள் இருக்கிறது. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா படித்துவிட்டு, "சரி, குறைச்சிருங்க" என்றார்.

உடைக்க இரண்டு நாள். நுனியிலிருந்து சுவரை நோக்கித்தான் உடைக்க வேண்டும், முட்டு நிற்க நிற்க. உடைத்த துண்டுகளில் ஒன்றில் பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். நல்ல கான்கிரீட் காரத்தன்மையோடு இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். காற்றின் கரியமில வாயு புகுந்து காரம் போன பகுதி நிறம் மாறாது. அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு கிடையாது. அடிமுகத்திலிருந்து 18 மி.மீ. வரை நிறமே வரவில்லை.

14 வருடத்தில் 18 மி.மீ. என்றால் 36 மி.மீ. போக 28 வருடம் ஆகும் என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படி இல்லை. இந்த ஊடுருவல் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துப் போகும். இரண்டு மடங்கு ஆழத்துக்கு நாலு மடங்கு காலம், அதாவது 56 வருடம். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். விளிம்பில் குறுக்குக் கம்பிகளின் நுனி 10 மி.மீ.கூட மூடாமல் கிடந்தது. இதே கான்கிரீட்டில் 10 மி.மீ.-ஐத் தாண்ட நாலரை வருடம் போதும். கவரில் பாதியைத் திருடினால் ஆயுளில் முக்கால் பங்கு போகிறது. கவர் பிளாக் என்ற ஒரு சின்னக் கட்டியை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். உடைந்த மார்பிள் துண்டு, ஜல்லி, செங்கல் சில்லு எதையும் அடியில் வைக்க விடமாட்டேன். கான்கிரீட்டுக்குச் சமமான பலமுள்ள கட்டிதான் வேண்டும். செங்கல் சில்லு தண்ணீரை உறிஞ்சி நேராகக் கம்பிக்கே கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஐஎஸ் 456 மழை படும் கான்கிரீட்டை மிதமான சூழல் என்று வகைப்படுத்தி 30 மி.மீ. கவரும் குறைந்தது எம் 25 கான்கிரீட்டும் கேட்கிறது. அறைக்குள் 20 போதும். அமெரிக்காவின் கான்கிரீட் நெறிமுறை ஏசிஐ 318 மழை வெயில் படும் இடத்தில் 16 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு 38 கேட்கும். எண் மாறினாலும் சொல்வது ஒன்றுதான்: வெளியே இருப்பதற்கு உள்ளே இருப்பதைவிட அதிகம் வேண்டும். ஆனால் வேலை நடக்கும் இடங்களில் வீடு முழுக்க ஒரே கவர் பிளாக் பையைத்தான் பார்க்கிறேன். அறைத் தளம், பால்கனி, சன்ஷேட் எல்லாவற்றுக்கும் 20. முதலில் வெடிப்பது சன்ஷேடும் பால்கனியும் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இனி புதுக் கம்பி. அது வெளியே எவ்வளவு நீள்கிறதோ அதைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். அதனால் அறைக்குள் 1.35 மீட்டர் வரை டைல்ஸை எடுத்தோம். அறைத் தளத்துக்கும் கீழே முட்டு கொடுத்துவிட்டு, 150 மி.மீ.-க்கு ஒன்றாக 21 காடிகள் வெட்டினோம், ஒவ்வொன்றும் 40 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம். அறைப் பக்கம் கட்டர் ஓட்டினோம். குறுக்கே பழைய கம்பி வந்த இடங்களில் பிளேடை மேலே தூக்கிவிட்டோம். பீம் மேல் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு உளியை எடுத்தோம். ரிங் 35 மி.மீ.-இல் இருக்கிறது என்று தெரியும். ஒரு ரிங்கை அறுத்துவிட்டால் ஒரு வியாதிக்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வரவழைத்த கதை. அந்த உளி வேலைக்கு முழுதாக ஒரு நாள் போனது. அவசரப்படுத்தவில்லை.

புதுக் கம்பி 8 மி.மீ.தான். இப்போதைய நெம்புக்கு அதுவே தாராளம். இந்தத் தடவை ஒவ்வொன்றும் பீமின் ரிங்குக்கு மேலே உட்கார்ந்தது. அங்கே மேலே 27 மி.மீ. கவர் கிடைத்தது, அது அறைக்குள் வரும் பகுதி. பால்கனிக்கு வெளியே வந்ததும் 30-க்கு இறக்கினோம். குறுக்குக் கம்பி மெயின் கம்பிக்குக் கீழே. மேல் கம்பியைத் தாங்க 10 மி.மீ. கம்பியில் நாற்காலி மாதிரி வளைத்த 'சேர்', 600 மி.மீ.-க்கு ஒன்று. பழைய கம்பிகளைத் துரு சுரண்டி, முகப்பிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டினோம். கணக்கில் அவற்றைச் சேர்க்கவில்லை.

கம்பி வாங்கும்போது எல்லோரும் கம்பெனி பெயரைக் கேட்கிறார்கள். நான் கேட்பது இரண்டு. முதலாவது எடை: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ.-க்கு 0.395. ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, பெயருக்குப் பின்னால் டி என்ற எழுத்து இருக்கிறதா என்பது. எஃப்இ 500 கம்பி அறுவதற்கு முன் 12 சதவீதம் நீண்டால் போதும், எஃப்இ 500டி 16 சதவீதம் நீள வேண்டும் என்கிறது கம்பிக்கான ஐஎஸ் 1786. நீண்டுகொடுக்கும் கம்பி விழுவதற்கு முன் சொல்லிவிட்டு விழும். இந்த வீட்டில் ஒரு விரிசல் வந்து சொன்னதே, அதுபோல. வீட்டுக்கு எனக்கு வேண்டியது அந்தக் குணம்தான், இன்னும் அதிக பலம் இல்லை.

சிமெண்டிலும் இதே கதை. 53 கிரேடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். வீட்டுத் தளத்துக்கு அந்த வேகம் தேவையில்லை. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் மெதுவாக இறுகும், ஆனால் பதமாகத் தண்ணீர் கட்டினால் நெருக்கமான கான்கிரீட்டைக் கொடுக்கும். மெதுவாக இறுகுவதால் முட்டை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பூச்சு வேலைக்கு 53 போட்டு சுவர் முழுக்க முடிவெடிப்பு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உண்மையில் கான்கிரீட்டைக் கெடுப்பது தண்ணீர். எங்களுக்கு இந்த வேலைக்குக் காடிகளையும் சேர்த்து மூன்று மூட்டை சிமெண்ட். மூட்டைக்கு 24 லிட்டர் என்று மொத்தம் 72 லிட்டர், மணலில் இருந்த ஈரத்தைக் கழித்துக்கொண்டு அளந்து வைத்தோம். கலவை கட்டியாக இருக்கிறது, ஒரு வாளி ஊற்றலாமா என்று இரண்டாவது கலவையிலேயே குரல் வந்தது. வேண்டாம் என்றேன். இளக்கம் வேண்டுமானால் அதற்குப் பிளாஸ்டிசைசர் இருக்கிறது. சேர்த்துத்தான் இருந்தோம், இன்னும் இரண்டு நிமிடம் மெஷினை ஓடவிட்டதும் இளகி வந்தது. வாளியில் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் ஆவியாகப் போகும்போது உள்ளே நுண்ணிய வழிகளை விட்டுச் செல்லும். அந்த வழியாகத்தான் கரியமில வாயு வரும், மழைத் தண்ணீர் வரும். பினாப்தலினில் நான் பார்த்த 18 மி.மீ.-இல் பாதி, அன்றைக்கு யாரோ ஊற்றிய வாளிகள் என்பது என் கணிப்பு.

கான்கிரீட் போடும் முன் ஒரு மணி நேரம் படம் எடுத்தேன். 21 கம்பிகளையும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் டேப்பை வைத்து, எண் தெரிகிற மாதிரி. பீம் மேல் ஒரு படம், நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. நெறிமுறைகளைப் பற்றி என் மனக்குறை இங்கேதான் இருக்கிறது. ஐஎஸ் 456 முதலில் 1953-இல் வந்தது, இப்போது கையில் இருப்பது 2000-ஆம் ஆண்டுத் திருத்தம். நல்ல நூல். ஆனால் அது என்ஜினியருக்காக எழுதப்பட்டது. கம்பி கட்டும் தம்பியோ மேஸ்திரியோ அதைப் பிரித்து "பால்கனிக் கம்பி பீமுக்கு மேலா கீழா" என்று பார்த்துக்கொள்ள வழியில்லை. அமெரிக்காவின் ஐஆர்சி நெறிமுறை மூன்று மாடி வரையுள்ள தனி வீடுகளுக்கென்றே 2000-இல் முதலில் வெளிவந்தது. மர உத்தரத்துக்கு இத்தனை அடி நீளத்துக்கு இந்த அளவு என்று பட்டியல், ஆணி எத்தனை என்று பட்டியல். எந்தக் கணக்கும் போடாமல் ஒரு தச்சர் படித்துக் கட்டலாம். அதில் இன்னொன்று, கம்பி கட்டி முடித்து கான்கிரீட் ஊற்றும் முன் அஸ்திவாரத்தை ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட எளிய பட்டியலும், மூடும் முன் ஒரு பார்வையும் கான்கிரீட் வீடுகளுக்கு எல்லா இடத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை. மனை எல்லையில் எத்தனை அடி விட்டாய் என்று பார்க்க ஆள் வருகிறது. அது கட்டி முடித்த பிறகும் அளக்கக்கூடிய விஷயம். கம்பி எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு நாள்தான் பார்க்க முடியும்.

இன்னொரு பேச்சு, "நாங்க நெறிமுறைப்படிதான் கட்டினோம்" என்பது. நெறிமுறை சொல்வது குறைந்தபட்சம். அதற்கு ஒரு அங்குலம் கீழே போனால் தப்பு என்று போட்ட கோடு அது. நாம் எட்ட வேண்டிய உயரமாக அதை யாரும் எழுதவில்லை.

ஊற்றுவது காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடிந்தது. பழைய முகத்தை முந்தைய இரவே நனைத்து வைத்திருந்தோம். மேலே தண்ணீர் நிற்காமல், உள்ளே ஈரமாக இருக்கும் பதத்தில் சிமெண்ட் பால் தடவி உடனே கான்கிரீட். 25 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி. கம்பி மேல் யாரும் கால் வைக்காதபடி குறுக்கே பலகை போட்டிருந்தோம். தரை மேல்முகம் வெளிப்பக்கமாக 15 மி.மீ. சரிவு. அடிமுகத்தில் விளிம்புக்கு இரண்டு அங்குலம் உள்ளே ஒரு சின்னப் பள்ளக் கோடு, சென்ட்ரிங்கில் ரீப்பர் கட்டை வைத்து விட்டது. நுனி வழியே வழியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிச் சுவருக்கு வராது, அங்கேயே சொட்டிவிடும். கைப்பிடிக்கான இரும்புத் தகடுகளை விளிம்பின் பக்க முகத்திலேயே கான்கிரீட்டோடு பதித்தோம். மேலிருந்து துளை போட்டுப் போல்ட் அடித்தால் வாட்டர்ப்ரூஃபிங்கில் நாமே ஓட்டை போட்ட மாதிரி.

14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர், விளிம்புக்கு ஈரச் சாக்கு.

கைப்பிடி உயரத்தில் ஒவ்வொரு நாட்டு எண்ணும் வேறு. இந்திய தேசியக் கட்டட நெறிமுறை குறைந்தது 1 மீட்டர் கேட்கிறது, பிரிட்டனில் பால்கனிக்கு 1.1 மீட்டர். அம்மாவின் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு என்பதால் 1.1 வைத்தோம். கம்பிகள் எல்லாம் நிமிர்ந்தவை, இடைவெளி 95 மி.மீ. குழந்தையின் தலை நுழையக் கூடாது என்பதால் 100 மி.மீ. உருண்டை புகக் கூடாது என்பது பல நெறிமுறைகளில் இருக்கும் அளவு. படுக்கைக் கம்பி போட்டால் அது ஏணி. அழகாக இருக்கிறது என்று படுக்கைக் கம்பி கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

முட்டு 28 நாள் நின்றது. எடுக்கும்போது நுனி வரிசை முதலில், சுவர் பக்க வரிசை கடைசியில். சாதாரணத் தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவோம். கான்டிலீவரில் சுவர் பக்க முட்டை முதலில் எடுத்தால், நுனி முட்டு மேல் தளம் உட்கார்ந்து, கம்பி இல்லாத அடிப்பக்கம் இழுபடும்.

டைல்ஸ் ஒட்டும் முன் பாரம் ஏற்றிப் பார்த்தோம். ஐஎஸ் 456 சொல்வது, நிரந்தர எடையோடு, வரக்கூடிய எடையில் ஒன்றே கால் பங்கு, 24 மணி நேரம். பால்கனியின் பரப்பு 2.7 சதுர மீட்டர். ஆட்களுக்காக 50 கிலோ மணல் மூட்டை 21, இன்னும் வராத டைல்ஸுக்கும் கலவைக்கும் ஈடாக 6, ஆக 27. பாதுகாப்புக்காகத் தளத்தைத் தொடாமல் இரண்டு விரற்கடை கீழே முட்டுகளைத் திரும்பவும் நிறுத்தி, நுனி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க டயல் கேஜ் வைத்தோம். மறுநாள் காலை ஊசி 0.62 மி.மீ. இறங்கியிருந்தது. மூட்டைகளை எடுத்து இன்னொரு நாள் விட்டோம். ஏற்றத்தில் இறங்கியதில் 75 சதவீதமாவது திரும்ப வேண்டும் என்பது விதி. எங்களுக்கு 0.51 திரும்பியது. சுவரை ஒட்டிய கோட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தலைமுடி அளவுகூட விரிசல் இல்லை.

கம்பிப் படங்களை அச்செடுத்து, என்ஜினியரின் கணக்குத் தாளோடும் டயல் கேஜ் அளவுகளோடும் ஒரு கோப்பில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டுப் பத்திரம் இருக்கும் அலமாரியில் வைக்கச் சொன்னேன். பூட்டி வைத்திருந்த கதவின் சாவியையும் அப்போதுதான் திருப்பிக் கொடுத்தேன். பூந்தொட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார். சுவர் ஓரமாக வைக்கச் சொன்னேன்.